தூக்கம் சரியில்லையா? ஸ்ட்ராப்பை மாத்து!

காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் மணிக்கட்டைப் பார்ப்பது என்று ஒரு புதுப் பழக்கம் ஊரில் பரவியிருக்கிறது. "நல்லா தூங்கினியாடா?" என்று அம்மா கேட்டால், "இரும்மா, பாத்துச் சொல்றேன்" என்று பதில் வருகிறது. தூங்கினது இவர், பதில் சொல்ல வேண்டியது வாட்ச்! கண் எரியும், தலை கனக்கும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே தூங்கி வழிவார். ஆனாலும் வாட்ச் 81 மார்க் போட்டுவிட்டால் அன்றைக்கு நன்றாகத் தூங்கியாயிற்று என்று அர்த்தம். பரீட்சை எழுதாமலே மார்க் வாங்கும் பாக்கியம் வேறு எதில் கிடைக்கும் :-)

மார்க்கும் உடம்பும் ஒத்துப்போகாத நாளில் யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான். "ஸ்ட்ராப் லூசா இருக்கும் பாஸ், மாத்திப் பாருங்க." வாட்ச் விற்றவர் அதைத்தான் சொல்கிறார். யூட்யூபில் விமர்சனம் செய்கிறவர் அதைத்தான் சொல்கிறார். பக்கத்து சீட்டு நண்பன், சொந்தமாக வாட்சே இல்லாதவன், அவனும் அதைத்தான் சொல்கிறான். ராயபுரத்திலிருந்து பர்மா பஜார் கூப்பிடு தூரம். அங்கே சிலிக்கான், நைலான், தோல், காந்தம் வைத்தது, இரும்புச் சங்கிலி என்று கலர் கலராகத் தொங்குகிறது. ஒன்றை வாங்கி மாட்டு, தூக்கம் தானாகச் சரியாகிவிடும். அதாவது தூக்கத்தின் கிராஃப் சரியாகிவிடும். இரண்டும் ஒன்றுதான் என்று நம்ப வைத்ததுதான் இந்த வியாபாரத்தின் பெரிய சாமர்த்தியம்.

ஸ்ட்ராப்புக்கு இதில் பங்கே இல்லை என்று சொன்னால் அது பொய். பங்கு இருக்கிறது. ஆனால் அது சில்லறைத் திருடன். வீட்டையே காலி செய்த கொள்ளைக்கும் அவனையே பிடித்து லாக்கப்பில் போடுகிறார்கள். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை உள்ள ஜனங்களின் ராத்திரியைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இந்தக் கேஸ் எவ்வளவு ஜோடிக்கப்பட்டது என்று புரியும்.

முதலில் சில்லறைத் திருட்டு.

வாட்ச் தூக்கத்தைப் பார்ப்பதே கிடையாது. தூக்கம் நடப்பது மூளையில். ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனை என்றால் தலையில் ஒயர் ஒட்டி மூளை அலையை எடுப்பார்கள், கண்ணோரம் ஒட்டி விழி அசைவை எடுப்பார்கள், தாடையில் ஒட்டி தசை இறுக்கத்தை எடுப்பார்கள். ராத்திரி முழுவதையும் 30 விநாடித் துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் இது விழிப்பு, இது மேலோட்டமான தூக்கம், இது ஆழ்ந்த தூக்கம், இது கனவுத் தூக்கம் என்று பெயர் வைப்பார்கள். 1968-ல் ரெக்ட்ஷாஃபன், கேல்ஸ் என்ற இருவர் தொகுத்த விதிகள்தான் இதற்கு அடிப்படை. 2007-ல் அமெரிக்க தூக்க மருத்துவக் கழகம் அதைத் திருத்தி எழுதியது.

மணிக்கட்டில் மூளை அலை கிடைக்குமா? கிடைக்காது. வாட்சிடம் முக்கியமாக இருப்பது இரண்டே சாமான். கை அசைகிறதா என்று பார்க்கும் ஒரு அசைவு உணரி. அடிப்பக்கத்தில் மினுக் மினுக்கென்று எரிகிற பச்சை விளக்கு. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் தோலுக்கு அடியில் ரத்தம் கூடிக் குறையும். அதனால் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணி நாடித்துடிப்பு என்று சொல்கிறது. கை அசையவில்லை, துடிப்பும் இறங்கிவிட்டது என்றால் "ஆசாமி தூங்கிட்டாரு" என்று ஊகம். துடிப்புகளுக்கு இடையே உள்ள நேரம் எப்படி மாறுகிறது என்று பார்த்து, இது ஆழ்ந்த தூக்கம், இது கனவுத் தூக்கம் என்று இன்னொரு ஊகம். ஊகத்தின் மேல் ஊகம். மொட்டை மாடியில் ஷெட் போட்டு அதற்கு மேல் இன்னொரு ஷெட் போடுகிற கதை.

ஸ்ட்ராப் இங்கேதான் உள்ளே வருகிறது. திரும்பி வரும் ஒளியில் துடிப்பினால் ஆடுகிற பகுதி ரொம்பச் சின்னது. வாட்ச் தோலை விட்டு ஒரு நூல் விலகினாலும் வெளி வெளிச்சம் உள்ளே புகும். கை திரும்பும்போது வாட்ச் வழுக்கினால் அந்த வழுக்கலும் ஒரு துடிப்பு மாதிரியே தெரியும். சரி, இறுக்கிக் கட்டிவிடலாம் என்றால் அதுவும் தப்பு. இறுக்கம் அதிகமானால் தோலடி ரத்தம் பிதுங்கி ஒதுங்கிவிடும், ஆடுவதற்கு ரத்தமே இருக்காது. தளர்வுக்கும் இறுக்கத்துக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. இட்லி மாவுப் பதம் மாதிரி, கைக்குத்தான் தெரியும். ஃபிட்பிட் கம்பெனி தன் உதவிக் குறிப்பில் வெளிப்படையாகவே எழுதி வைத்தது: வாட்ச் தளர்வாக இருந்தாலோ, துடிப்பு தொடர்ச்சியாகக் கிடைக்காதபடி படுத்திருந்தாலோ, தூங்கினது 3 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தாலோ, தூக்க நிலைகளைப் பிரித்துக் காட்ட முடியாது, மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே கட்டுங்கள் என்று. அந்த 3 மணி நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, ஸ்ட்ராப் தளர்ந்தால் முதலில் அடிபடுவது பச்சை விளக்குதான். அசைவு உணரி கொஞ்சம் தளர்ச்சியைத் தாங்கும். ஆகவே ஸ்ட்ராப் கோளாறு பெரும்பாலும் "ஆழ்ந்த தூக்கம் 42 நிமிடம், கனவுத் தூக்கம் 1 மணி 10 நிமிடம்" என்று துண்டு போட்டுக் காட்டுகிற கணக்கைக் கெடுக்கும். "மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினார்" என்ற கணக்கை அவ்வளவாகக் கெடுக்காது. இந்த வித்தியாசத்தை ஸ்ட்ராப் வைத்தியர்கள் யாரும் சொல்வதில்லை.

நம்ம பக்கத்துக்கே உரிய சில ஸ்ட்ராப் சமாச்சாரங்கள் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடையாது. கோயிலில் கட்டிக்கொண்ட சிவப்புக் கயிறோ கறுப்புக் கயிறோ வாட்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் வாட்ச் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். எந்த ஸ்ட்ராப் போட்டாலும் வெளிச்சம் புகும். கயிற்றை மேலே தள்ளிவிட்டால் போதும், சாமி கோபித்துக்கொள்ளாது. மணிக்கட்டில் பெயர் பச்சை குத்தியிருந்தால் அந்த மையே ஒளியை மறிக்கும். 2015-ல் ஆப்பிள் வாட்ச் வெளிவந்த கையோடு இந்தப் புகார் கிளம்பி, கம்பெனியும் ஒப்புக்கொண்டது. மெலிந்த கைக்காரர்களுக்குக் கடைசி ஓட்டையில் மாட்டினாலும் வாட்ச் வளையல் மாதிரி சுற்றும். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி இன்னொரு ஓட்டை போட்டுக்கொள்வதுதான் வழி. "எல்லா அளவுக்கும் பொருந்தும்" என்று பெட்டியில் போட்டிருப்பதன் அர்த்தம் இதுதான் போல. காந்த ஸ்ட்ராப் பார்க்க ஸ்டைலாக இருக்கும். ஆனால் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர் கட்டினால் இரும்புத் தூளை இழுத்து ஒட்டிக்கொண்டு பிடிப்பு வழுக்கும். இரும்புச் சங்கிலியோ கனம், படுத்ததும் இறங்கிவிடும். மே மாதப் புழுக்கத்தில் சிலிக்கானுக்கு அடியில் வியர்வை தேங்கும், அரிக்கும், தூக்கக் கலக்கத்திலேயே ஒரு ஓட்டை தளர்த்திவிடுவார்கள். சாயங்காலம் கட்டின இறுக்கம் வேறு, விடிகாலை இறுக்கம் வேறு. இருப்பதில் பரவாயில்லை என்று சொல்லலாம் என்றால் ஒட்டிக்கொள்ளும் பட்டி வைத்த நைலான்தான். ஓட்டைக் கணக்கே கிடையாது, வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். துவைத்துக் காயப்போடவும் செய்யலாம்.

ரப்பரைப் பற்றித் திருவொற்றியூர்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1946-ல் எம்.ஆர்.எஃப் பலூன் பொம்மை செய்ய ஆரம்பித்ததே அந்த ஊரில்தான். அதனால் இதையும் சொல்லிவிடலாம். 2014-ல் ஃபிட்பிட் கம்பெனி தன் ஃபோர்ஸ் என்ற பட்டையைத் திரும்பப் பெற்றது. கட்டியவர்கள் பலருக்குக் கையில் தோல் வெந்து கொப்பளித்ததுதான் காரணம். அமெரிக்காவில் மட்டும் விற்றிருந்தது சுமார் 10 லட்சம். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தார் 22 வாட்ச் பட்டைகளைச் சோதித்து, அவற்றில் 15-ல் ஃப்ளூரின் கலந்த ரப்பர் இருப்பதற்கான அடையாளத்தைக் கண்டார்கள். சிலவற்றில் பி.எஃப்.ஏ.எஸ் என்னும் மக்காத ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஹெச்.எக்ஸ்.ஏ கணிசமாகக் கசிந்தது. விலை கூடின பட்டைகளில்தான் அதிகம். "அளவு துல்லியமாக வர ராத்திரி பூரா இறுக்கிக் கட்டு" என்று அறிவுரை சொல்பவர்கள் எதை இறுக்கிக் கட்டச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

ஸ்ட்ராப் குற்றவாளியா இல்லையா என்று கண்டுபிடிக்க ஜோசியம் தேவையில்லை. காலையில் தூக்க கிராஃபைப் பார்க்காமல் நாடித்துடிப்பு கிராஃபைப் பார்க்க வேண்டும். ராத்திரி கோட்டில் அங்கங்கே அறுந்த இடம் இருந்தாலோ, சம்பந்தமில்லாமல் 60-லிருந்து 120-க்குத் தாவினாலோ பிடிப்பு சரியில்லை, ஸ்ட்ராப்பைப் பாருங்கள். கோடு அறுபடாமல் ஒழுங்காக ஓடியிருக்கிறது, ஆனாலும் தூக்கக் கணக்கு தப்பு என்றால் ஸ்ட்ராப் நிரபராதி. விட்டுவிடுங்கள் பாவம்.

அப்படியானால் பெரிய திருட்டு எங்கே?

2013-ல் 'ஸ்லீப்' என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. 77 பேருக்கு மணிக்கட்டு அசைவுக் கருவியையும் ஆஸ்பத்திரிப் பரிசோதனையையும் ஒரே நேரத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அதில் 23 பேர் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள். முடிவு இது: நிஜமாகத் தூங்கின துண்டுகளில் 96.5 சதவீதத்தைக் கருவி தூக்கம் என்று சரியாகச் சொன்னது. அபாரம். நிஜமாக விழித்திருந்த துண்டுகளில் விழிப்பு என்று சரியாகச் சொன்னது 32.9 சதவீதம். அதாவது படுக்கையில் விழித்துக் கிடந்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தூக்கக் கணக்கில் எழுதிவிட்டது. அந்த ஆய்வில் இருந்தது கடை வாட்ச் அல்ல, ஆராய்ச்சிக்கென்றே செய்த கருவி. ஸ்ட்ராப் ஒழுங்காகக் கட்டி, மேற்பார்வையில், சோதனைக்கூடத்தில் நடந்தது. இதற்கப்புறம் வந்த வாட்சுகள் துடிப்பையும் சேர்த்துப் பார்ப்பதால் கொஞ்சம் தேறியிருக்கின்றன. ஆனால் கோளாறின் திசை மாறவில்லை. தூக்கத்தைக் கண்டுபிடிப்பதில் கெட்டி, விழிப்பைக் கண்டுபிடிப்பதில் மக்கு.

காரணம் எளிது. அசையாமல் விழித்துக் கிடப்பவரும் தூங்குபவரும் மணிக்கட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கொசு அடித்தால் மட்டும் "விழித்திருக்கிறார்" என்று வாட்ச் ஒப்புக்கொள்ளும். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் குடியிருப்பவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் அளவு துல்லியமாக வரும் என்று நம்பலாம் :-(

இப்போது எண்ணூர் விரைவுச் சாலைக்கு வருவோம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலை. ஏர் பிரேக் புஸ்ஸென்று விடும் சத்தம், காலி கன்டெய்னர் குழியில் இறங்கி ஏறும்போது வருகிற டமார், பின்னால் இருப்பவனின் பொறுமையில்லாத ஹாரன். சாலையோர வீட்டில் ஒரு தாத்தா படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 1 மணிக்கு ஹாரன் எழுப்பிவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து என்ன ஆகப் போகிறது? கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடக்கிறார். வரிசை நகர்கிறது, நிற்கிறது. 2.30 வரை கிடக்கிறார். பேரன் ஆசையாக வாங்கிக் கொடுத்த வாட்ச் காலையில் சொல்கிறது: "அருமையான தூக்கம், 7 மணி 5 நிமிடம்." தாத்தாவுக்கு 90 நிமிடம் போனதை எந்த நைலான் ஸ்ட்ராப் மீட்டுக் கொடுக்கும்?

அந்த லாரிக்குள்ளே இருக்கிற டிரைவர் கதை இன்னும் மோசம். வரிசை நகரும்போதெல்லாம் அவரும் நகர வேண்டும். இருபது நிமிடம், முக்கால் மணி நேரம் என்று ஸ்டியரிங் மேல் சாய்கிற தூக்கம். இன்ஜின் அதிர்வு வேறு கையில் ஏறும். 3 மணி நேரத்துக்குக் குறைந்தால் நிலை பிரிக்க முடியாது என்று பார்த்தோமே, அந்த விதிப்படி இவர் தூக்கம் தூக்கமாகவே மதிக்கப்படாது. காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற அக்காக்கள் விடிவதற்கு வெகு முன்னாலேயே ஏலத்துக்கு நிற்க வேண்டும். சாயங்காலம் சாப்பிட்டு ஒரு தூக்கம், மத்தியானம் வியாபாரம் முடித்து ஒரு தூக்கம். தலைமுறை தலைமுறையாக இரண்டு துண்டாகத் தூங்கும் ஜனங்கள். வாட்சுக்கு ராத்திரி 10-லிருந்து காலை 6 வரை ஒரே துண்டாகத் தூங்கினால்தான் தூக்கம். மற்றது குட்டித் தூக்கம், மார்க் கிடையாது. மணலி, எண்ணூர் ஆலைகளில் நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் வந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுப்பவருக்கும் இதே கதி. வியர்த்து, புரண்டு, தண்ணீர் லாரிக்கு எழுந்து, திரும்பப் படுத்து... அவரிடம் போய் "உங்க உறங்கும் நேரம் ஒழுங்கா இல்லை, தினமும் ஒரே நேரத்துக்குப் படுங்க" என்று வாட்ச் அறிவுரை சொல்கிறது. ஷிஃப்ட் மாற்றி மாற்றிப் போடுகிறவர் யாரோ, திட்டு வாங்குகிறவர் யாரோ!

இதை வெறும் மார்க் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை நைட் ஷிஃப்ட் வேலையை "புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்" என்ற வரிசையில் 2007-ல் வைத்தது, 2019-ல் மறுபடி ஆராய்ந்து அதே இடத்தில் வைத்தது. கிரேன் ஓட்டுகிறவரும் டிரெய்லர் ஓட்டுகிறவரும் தூக்கக் கலக்கத்தோடு வேலைக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல ஆய்வு வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் "வாட்ச்ல 7 மணி நேரம் காட்டுது, பரவாயில்ல" என்று கிளம்புவதுதான் பயம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிந்து, மூச்சு முட்டி, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆலையை மூடச் சொல்லிப் பல வாரம் உட்கார்ந்து போராடினார்கள். அன்றைக்கு ஓடினவர் கையில் வாட்ச் இருந்திருந்தால் அது விழிப்பைச் சரியாகவே பதிந்திருக்கும். ஓடினால் கை அசையும், துடிப்பு ஏறும். அதற்கப்புறம் வந்த ராத்திரிகளில்தான் வாட்ச் தோற்கும். காற்றில் லேசாக ஏதோ வாடை. அம்மோனியாவா, சாக்கடையா? எழுந்து ஓடுவதா, கிடப்பதா? பிள்ளை பக்கத்தில் தூங்குகிறதே என்று அசையாமல், மூக்கை மட்டும் தீட்டிக்கொண்டு கிடக்கிற ஒரு தாயின் ஒரு மணி நேரம் வாட்சின் கணக்கில் "மேலோட்டமான தூக்கம்" ஆகிவிடும்.

நாளைக்கே இந்த ஜனங்கள் "எங்களுக்குத் தூக்கம் போச்சு" என்று ஒரு மனு கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "எங்கே, வாட்ச் கணக்கைக் காட்டு" என்று யாராவது கேட்டால்? அந்தக் கணக்கு லாரிக்கும் ஆலைக்கும் ஆதரவாகத்தான் சாட்சி சொல்லும். இவர்கள் கட்டின வாட்ச், இவர்கள் காசு, சாட்சி எதிர்க்கட்சிக்கு.

இதற்கு ஒரு பதில் ரெடியாக இருக்கும். "தோராயமா ஒரு கணக்கு இருக்கிறது ஒண்ணும் இல்லாததுக்கு நல்லதுதானே? தினசரி ஏற்ற இறக்கத்தைப் பாருங்க, ஒரு நாள் எண்ணைப் பாக்காதீங்க." ஹாஸ்டலில் ஏசி ரூமில் 11 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எழுகிற பையனுக்கு இது சரி. அதே கை, அதே ஸ்ட்ராப், அதே ஓட்டை என்று வைத்துக்கொண்டால் போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடலாம். ஆனால் பிழை இரண்டு பக்கமும் சிதறினால்தான் சராசரியில் சமன் ஆகும். இங்கே பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது. விழித்துக் கிடக்கிற நேரம் கூடக் கூட, திருடப்படுகிற நிமிடமும் கூடுகிறது. ஆகக் குறைவாகத் தூங்குகிறவருக்குத்தான் ஆக அதிகமான பொய். காசிமேட்டில் இப்படி ஒரு தராசு வைத்திருந்தால் அந்த அக்காக்கள் தூக்கிக் கடலில் போட்டிருப்பார்கள்.

எதிர்ப்பக்க வியாதியும் உண்டு. நன்றாகத் தூங்குகிறவர் வாட்ச் குறைத்துக் காட்டுகிறதே என்று கவலைப்பட்டுக் கவலைப்பட்டே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது. 2017-ல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அது வசதியுள்ளவர் வியாதி, இங்கே அதிகம் பேச வேண்டாம்.

அளக்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசை இருந்தால் மணிக்கட்டை விட்டுவிட்டுத் தெருவை அளக்கலாமே. அதற்குச் சட்டம் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10-லிருந்து காலை 6 வரை 45 டெசிபல்தான் எல்லை. தொழிற்பேட்டையில் 70. டெசிபல் கணக்கில் 25 வித்தியாசம் என்றால் ஒலியின் ஆற்றலில் 300 மடங்குக்கு மேல். சாலைக்கு இந்தப் பக்கம் ஆலைச் சுவர், அந்தப் பக்கம் தொட்டில் கட்டின வீடு என்று இருக்கிற இடத்தில் எந்த எண் செல்லும்? கேட்டுப் பாருங்கள். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி, பொது அவசரம் தவிர, ஹாரன் அடிக்கக் கூடாது என்று 2010-ல் ஒரு திருத்தமே வந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஹாரன் அடித்தே சிரிப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கு 2009-ல் சொன்ன ராத்திரி அளவு 40 டெசிபல். அந்த ஊர் ஜனங்களுக்கு வாட்ச் செய்து சோதித்துவிட்டு, அதை இங்கே கொண்டுவந்து விற்று, கணக்கு ஒத்துவரவில்லை என்றால் ஸ்ட்ராப்பை மாற்று என்பது என்ன நியாயம்?

2023 ஏப்ரல் 21 அன்று சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி விடுகிற ஒரு மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்ததும் சில நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். ஒரு தொழிலாளியின் தூக்கத்துக்கு அந்தப் பத்து நாள் செய்தது, உலகத்தில் உள்ள அத்தனை வாட்சும் சேர்ந்தாலும் செய்ய முடியாதது.

வாட்ச் கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. துடிப்பு அறுந்த இடத்தில் ஊகித்து நிரப்பாமல் "தெரியவில்லை" என்று ஒரு நிறம் காட்டட்டும். அசையாமல் இருந்த நேரத்துக்கு "அசைவில்லை" என்றே பெயர் வைக்கட்டும், தூக்கம் என்று வைக்க வேண்டாம். மத்தியானம் தூங்கினாலும் அதைத் தூக்கமாக எண்ணட்டும். ஷிஃப்ட் தொழிலாளர்களை வைத்து, புழுக்கமான அறையில் சோதித்தார்களா என்று பெட்டியில் அச்சடிக்கட்டும். எத்தனை மெகாபிக்சல் என்று கூச்சமில்லாமல் அச்சடிக்கத் தெரிகிறவர்களுக்கு இது கஷ்டமா என்ன? ஸ்ட்ராப்பை மூன்று அளவில் கொடுக்கட்டும், கம்பியைக் காய்ச்சுகிற வேலை மிச்சம்.

அதுவரை ஆஸ்பத்திரியில் தூக்க மருத்துவர்கள் இன்றைக்கும் கேட்கிற பழைய முறை ஒன்று இருக்கிறது. தூக்க டைரி. பெட்டிக்கடையில் கிடைக்கிற கோடு போட்ட நோட்டு போதும். எப்போது படுத்தது, தூக்கம் பிடிக்க ஏறக்குறைய எவ்வளவு நேரம் ஆனது, நடுவில் எத்தனை முறை எழுந்தது, எதனால் எழுந்தது, கடைசியாக எப்போது எழுந்தது. "எதனால்" என்ற கட்டத்தில் ஹாரன், வாடை, கரண்ட் கட், தண்ணீர் லாரி என்று எழுதலாம். எழுந்தவுடன் எழுதிவிட வேண்டும், மத்தியானம் வரை தள்ளினால் மறந்துவிடும். வாட்ச் கட்டுகிறவர்கள் கட்டிக்கொள்ளட்டும், ஆனால் நோட்டை எழுதி முடித்த பிறகுதான் வாட்சைப் பார்க்க வேண்டும். ஷிஃப்ட் மாறுகிறவர் ஒரு முழுச் சுற்றுக்காவது எழுதணும். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட், மொத்தம் மூன்று ஷிஃப்ட் என்றால் 21 நாள்.